பேப்பர் போடுகிறவர்கள்

கடம்பத்தூரில் பேப்பர் போடுகிறவர்கள் இரண்டு வகை. ஒருவர் விடிவதற்கு முன்பே சைக்கிளில் வந்து, வண்டியை நிறுத்தாமலே வீசி, தினத்தந்தியைச் சரியாகத் திண்ணையில் விழவைப்பார். இன்னொரு வகை, காலை அரக்கோணம் லோக்கலில் வந்து இறங்கி, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கல்லூரி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும். முதலாமவர் போடும் பேப்பரை வீட்டில் நாலு பேர் படிக்கிறார்கள். படித்து முடித்ததும் டீக்கடையில் வடை மடிக்கப் போகிறது. இரண்டாமவர்கள் போடும் பேப்பரை எழுதியவரே படிப்பதில்லை. அதில் வடையும் மடிக்க முடியாது. பி.டி.எஃப்.

நான் இரண்டாம் வகை. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். திருவள்ளூரிலிருந்து பேரம்பாக்கம் போகிற வழியில் கண்ணை மூடிக்கொண்டு எந்த கேட்டுக்குள் நுழைந்தாலும் இதே கதைதான். இங்கே யாரும் யாரையும் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்பதில்லை. ‘பேப்பர் போட்டாச்சா சார்?’ என்பதுதான் வணக்கம். ஸ்கோப்பஸ் பட்டியலில் இருக்கும் ஆய்விதழில் ஒன்று போட்டால் இவ்வளவு, எஸ்.சி.ஐ. பட்டியல் இதழில் போட்டால் இவ்வளவு என்று இன்சென்டிவ் பட்டியல் நோட்டீஸ் போர்டில் தொங்குகிறது. போன மாதச் சம்பளம் ஏன் தள்ளிப்போகிறது என்ற சுற்றறிக்கையும் அதே போர்டில், அதே குண்டூசியில் தொங்குகிறது. ஆய்வகத்தில் ஆஸிலோஸ்கோப் படுத்து வருஷக்கணக்கு ஆகிவிட்டது. எட்டு பிள்ளைகளுக்கு ஒரு மல்டிமீட்டர். ஆய்வு நடக்க ஆய்வகம் வேண்டும் என்பதெல்லாம் பழைய காலத்து மூடநம்பிக்கை என்று நிர்வாகம் எப்போதோ முடிவு செய்துவிட்டது.

அப்படிப்பட்ட இடத்தில் ஒருநாள் காலை, கேட்டுக்கு மேல் ஒரு ஃபிளெக்ஸ் ஏறியது. எங்கள் துறைக்காரர் ஒருவர் சர்வதேச ஆய்விதழ் ஒன்றுக்கு கெஸ்ட் எடிட்டர் ஆகிவிட்டாராம். தாளாளர் படம் ஆளுயரத்தில், செயலாளர் படம் அதற்கு ஒரு சாண் குறைவாக, முதல்வர் படம் மார்பளவில், கெஸ்ட் எடிட்டரின் படம் பாஸ்போர்ட் அளவில். அவர் தொகுக்கப்போகும் சிறப்பிதழின் தலைப்பை மட்டும் மூன்று வரியில் அச்சடித்திருந்தார்கள்: செயற்கை நுண்ணறிவு, பிளாக்செயின், பொருள்களின் இணையம், நிலைத்த நகரம், உடல்நலம், கல்வி, வேளாண்மை. கறிவேப்பிலை ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது.

‘எப்படி சார் கிடைச்சது?’ என்றேன்.

‘மெயில் வந்துச்சு சார்.’

எனக்கும் வருகிறது. உங்களுக்கும், நீங்கள் ஒரு தடவை ஒரு கட்டுரையில் பெயர் சேர்த்துக்கொண்டவராக இருந்தால், இந்நேரம் வந்திருக்கும். ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, உங்கள் ஒப்பற்ற பங்களிப்பைக் கண்டு வியந்தோம்’ என்று தொடங்கும். வியந்தது எந்தக் கட்டுரையைக் கண்டு என்று கீழே பார்த்தால் அது நான் எழுதியதாகவே இருக்காது. ஆன்டெனா பற்றி எழுதியவனைப் பல் வேர் சிகிச்சைச் சிறப்பிதழுக்கு ஆசிரியராக இருக்கச் சொல்வார்கள். வியப்புக்குத் துறை ஏது?

ஒரு பொருளைப் பற்றி நாலு திசையில் ஆராய்கிறவர்களை ஒரே இடத்தில் கூட்டி, அந்தப் பொருளில் ஊறிய ஒருவர் தொகுத்துத் தந்தால் அது நல்ல காரியம்தான். பெங்களூரிலிருந்து 1932 முதல் வருகிற கரண்ட் சயன்ஸ் அப்படிப்பட்ட சிறப்புப் பகுதிகளை எவ்வளவோ வெளியிட்டிருக்கிறது. தொகுப்பவருக்கு விஷயம் தெரியும் என்பதுதான் அதில் முதல் நிபந்தனை. அந்த நிபந்தனையைக் கழற்றி வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் உலகம் சமீபத்தில் ஒரு பெரிய பரிசோதனை நடத்தியது. ஆய்வகம் இல்லாமலே நடந்த பரிசோதனை. முடிவும் வந்துவிட்டது.

கெய்ரோவில் 1997-இல் ஒரு தம்பதி தொடங்கிய பதிப்பகம் ஹிந்தாவி. அமெரிக்காவின் பழம்பெரும் பதிப்பகமான வைலி அதை 2021 ஜனவரியில் 298 மில்லியன் டாலருக்கு வாங்கியது. நம் காசில் 2,000 கோடிக்கு மேல். இவ்வளவு கொட்டி வாங்கியது சும்மா இல்லை. ஹிந்தாவியின் இதழ்களில் சிறப்பிதழ்கள் புற்றீசலாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் எழுதுகிறவரே கட்டணம் கட்டுவார். கட்டுரை கூடக் கூட வரவு கூடும். வாசலில் நின்று கட்டுரைகளை வடிகட்ட வேண்டிய ஆள் யார் என்றால், நம் ஃபிளெக்ஸ் நாயகர் போன்ற கெஸ்ட் எடிட்டர்.

புதுக்கோட்டைப் பக்கம் கீரமங்கலம், வடகாடு, தஞ்சாவூரில் பேராவூரணி என்று போனால் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். கிடாக்கறிச் சாப்பாடு போட்டு, வந்தவர்கள் எழுதும் மொய்யை நோட்டில் குறித்துக்கொள்வார்கள். இன்று எனக்கு நீ எழுதியதை, நாளை உன் விருந்தில் நான் கூட்டிப் போட்டு எழுத வேண்டும். சிறப்பிதழும் அப்படித்தான் நடந்தது. பதிப்பகம் மண்டபக்காரர், தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிக்கொள்வார், உள்ளே என்ன வேகிறது என்று எட்டிப்பார்க்க மாட்டார். கெஸ்ட் எடிட்டர் விருந்து வைப்பவர். கட்டுரை கொண்டுவருகிறவர்கள் பந்தியில் உட்காருகிறவர்கள். மொய் என்பது மேற்கோள். ‘உங்கள் கட்டுரை சிறப்பு, ஆயினும் கீழ்க்கண்ட ஏழு கட்டுரைகளையும் மேற்கோள் காட்டினால் மேலும் சிறக்கும்’ என்று மதிப்பீட்டாளரிடமிருந்து குறிப்பு வரும். ஏழும் யாருடையவை என்று பார்த்தால் விருந்து வைத்தவருடைய நோட்டுப் புத்தகம் அப்படியே இருக்கும்.

இந்த ஒப்புமைக்காகக் கீரமங்கலத்துக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அங்கே பணம் நிஜப் பணம். அந்த மொய்யில் கிணறு வெட்டியவர்கள் இருக்கிறார்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். வாங்கியதைத் திருப்பி எழுதாதவனுக்கு ஊரில் முகம் கிடையாது. எங்கள் விருந்தில் மொய் எழுதாதவருக்கு, மேற்கோளை எண்ணிப் போடும் ஹெச்-இண்டெக்ஸ் மட்டும்தான் கிடையாது. முகத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

மதிப்பீட்டாளர் யார் என்று கேட்பீர்கள். திருவிளையாடலில் தருமிக்குப் பாட்டு வேறொருவர் எழுதிக்கொடுத்தார். தருமி அதை அவையில் வாசித்தார், நக்கீரர் தடுத்தார். சிறப்பிதழில் தருமியே கெஸ்ட் எடிட்டர். நக்கீரரை நியமிக்கும் உரிமை அவருக்கு. நக்கீரர் தருமியின் மைத்துனர். ஜிமெயில் முகவரி, அதுவும் போன வாரம் தொடங்கியது. ஜர்னல் ஆஃப் நானோபார்ட்டிகிள் ரிசர்ச் என்ற இதழில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நிஜப் பேராசிரியர்களின் பெயர்களில், அவர்களுடைய பல்கலைக்கழக முகவரியைப் போலவே தோன்றும் போலி முகவரிகளோடு ஒரு கூட்டம் சிறப்பிதழ் நடத்த அனுமதி கேட்டு, வாங்கி, கட்டுரைகளையும் ஏற்றிவிட்டது. கெஸ்ட் எடிட்டரே போலி. வீட்டுக்காரன் ஊரில் இல்லாதபோது அவன் பெயரில் திருடனே கிரகப்பிரவேசம் நடத்திய கதை இது.

இப்படிப்பட்டவற்றில் பலவற்றை அம்பலப்படுத்தியது பதிப்பகங்களின் தரக்கட்டுப்பாட்டுத் துறை இல்லை. சம்பளமில்லாமல் வேலை பார்த்த சிலர். பிரான்சின் கியோம் கபானாக், சிரில் லபே, இவர்களோடு அலெக்சாந்தர் மகஸினோவ் ஆகிய மூவரும் 2021-இல் ஒரு வினோதத்தைச் சுட்டிக்காட்டினார்கள். திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை ஏமாற்ற, அடுத்தவர் கட்டுரையை இன்னொரு மென்பொருளில் போட்டுச் சொல் சொல்லாக மாற்றி எடுக்கிறார்கள் என்பது அது. சித்திரவதைச் சொற்றொடர்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் வந்தவற்றைத் தமிழில் சொன்னால்தான் அந்த ருசி நாக்கில் நிற்கும். செயற்கை நுண்ணறிவு ‘கள்ள உணர்வு’ ஆனது. மார்பகப் புற்றுநோய் ‘நெஞ்சகப் பேராபத்து’. சிறுநீரகச் செயலிழப்பு ‘சிறுநீரக ஏமாற்றம்’. சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதம் ‘கொடிக்கும் கூச்சலுக்குமான விகிதம்’. எல்ஸவியரின் மைக்ரோபிராசசர்ஸ் அண்ட் மைக்ரோசிஸ்டம்ஸ் இதழில், பெரும்பாலும் சிறப்பிதழ்களில், இப்படி நூற்றுக்கணக்கில் வந்திருந்தன. ஆசிரியர், மதிப்பீட்டாளர், கெஸ்ட் எடிட்டர், பதிப்பகத்தார், இத்தனை பேர் கண்ணையும் தாண்டி ஒரு நோயாளியின் சிறுநீரகம் ஏமாற்றமடைந்து நிற்கிறது. ஒருவருக்கும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஸ்பிரிங்கரின் அரேபியன் ஜர்னல் ஆஃப் ஜியோசயன்ஸஸ் புவி அறிவியல் இதழ். அதன் சிறப்புத் தொகுப்பில் வந்த ஒரு கட்டுரை, மலைப் பகுதியின் நிலநடுக்கப் பரவலையும் கூடைப்பந்து வீரர்களின் உடற்தகுதியையும் சேர்த்து ஆராய்ந்தது. இன்னொன்று கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும் இசைக் கல்வியின் உளவியல் தலையீட்டையும். நான் இட்டுக்கட்டவில்லை. 2021-இல் அந்த இதழின் 44 கட்டுரைகளை வாபஸ் வாங்கினார்கள்; 400-க்கும் மேற்பட்டவற்றுக்கு எச்சரிக்கைக் குறிப்பு போட்டார்கள். கூடைப்பந்து குதித்துத்தான் நிலம் நடுங்கியதா என்பது கடைசிவரை தெரியாமலே போய்விட்டது.

ஹிந்தாவிக்கு வருவோம். 2022 செப்டம்பரில் 511 கட்டுரைகளை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார்கள். அக்டோபரில் சிறப்பிதழ்களைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். 2023 மார்ச்சில், எஸ்.சி.ஐ. பட்டியலை வைத்திருக்கும் கிளாரிவேட் நிறுவனம் ஹிந்தாவியின் 19 இதழ்களைத் தன் பட்டியலிலிருந்து தூக்கியது. அந்த ஒரே ஆண்டில் ஹிந்தாவி வாபஸ் வாங்கியவை 8,000-க்கும் மேல். கணக்குப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை உட்பட நாளொன்றுக்கு இருபத்திரண்டு. 2023 அக்டோபரில் வைலியின் தலைமை நிர்வாகி பதவியை விட்டுப் போனார். டிசம்பரில் ஹிந்தாவி என்ற பெயரையே கைவிடுவதாகச் சொன்னார்கள். 2024 மே மாதத்தில் 19 இதழ்களை இழுத்து மூடினார்கள். கடை மாறினால் கடன் தீர்ந்துவிடும் என்று நம் பக்கத்துச் சீட்டுக் கம்பெனிகள் நினைக்குமே, அதே யோசனைதான்.

வைலிக்கு வந்த முதல் கவலை என்ன தெரியுமா? சிறப்பிதழை நிறுத்தியதால் ஒரே காலாண்டில் 9 மில்லியன் டாலர் வருமானம் குறைந்தது என்று முதலீட்டாளர்களுக்கு அறிக்கை. புற்றுநோயைப் பற்றிய குப்பைக் கட்டுரையை நம்பி எங்காவது ஒருவர் மருந்து யோசித்திருப்பாரா என்பதற்குக் காலாண்டு அறிக்கையில் பத்தி ஒதுக்க முடியாது அல்லவா?

வாபஸ் குறிப்பு இன்னும் அருமை. ஆயிரக்கணக்கான கட்டுரைகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே வாசகம். இதழின் எல்லைக்குப் பொருந்தாமை, ஆய்வு விவரத்தில் முரண், தரவில் முரண், தகாத மேற்கோள், பொருளற்ற உள்ளடக்கம், மதிப்பீட்டில் மோசடி என்று ஆறு குற்றம் சொல்லி, இவற்றில் ஒன்றோ பலவோ இருக்கிறது என்பார்கள். எந்த ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். கட்டுரை எழுதியவருக்கு இதில் பங்கு உண்டா என்று தாங்கள் விசாரிக்கவில்லை என்றும் அதிலேயே எழுதியிருப்பார்கள். வழக்கமான தரச் சோதனைகள் இதைக் கண்டுபிடிக்கத் தவறியதற்கு வருத்தமும் தெரிவிப்பார்கள். காசு வாங்கும்போது ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனி ரசீது. குற்றம் சொல்லும்போது மொத்தமாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

வாபஸ் ஆன கட்டுரைகளின் பட்டியலில் சீனப் பெயர்களே மிகுதி. நம்மவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. ஏழை நாடுகளிலிருந்து எழுதுகிறவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்று தெரிந்ததும், நம் பக்கத்துக் கட்டுரைகள் சிலவற்றில் திடீரென்று எத்தியோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்று எட்டிப்பார்க்கத் தொடங்கியது. நம் ஊரில் சம்பளம் கட்டுபடியாகாமல் அங்கே போய்ப் பாடம் நடத்திய தமிழ் ஆசிரியர்கள் ஏராளம், அதில் தவறே இல்லை. ஆனால் செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் போயிராதவரின் கட்டுரையிலும் அடிஸ் அபாபா வாசம் அடித்தால், சலுகை எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தது என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரியும்.

வாத்தியாரைத் திட்டுவது சுலபம். நானும் திட்டுகிறேன், என்னையும் சேர்த்து. ஆனால் இருபதாயிரத்தைத் தாண்டாத சம்பளத்தில், வாரத்துக்கு இருபத்துநாலு வகுப்பு எடுத்து, ஏப்ரல் மே வெயிலில் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு என்று வீடு வீடாக அலைந்து திரும்புகிறவரிடம் ‘இந்த வருஷம் நாலு எஸ்.சி.ஐ.’ என்று உத்தரவு போட்டது யார்? கேட்டவருக்கு ஆய்வு தேவையில்லை, எண்ணிக்கை போதும். எண்ணிக்கை எதற்கு? தர மதிப்பீட்டுக்கு நாக் வருகிறது. தரவரிசைக்கு என்.ஐ.ஆர்.எஃப். வருகிறது. தரவரிசை ஏறினால் அட்மிஷன் ஏறும். அட்மிஷன் ஏறினால் இன்னொரு பிளாக் ஏறும். அந்த பிளாக்கிலும் ஆஸிலோஸ்கோப் இருக்காது.

இந்தக் கணக்கில் ஆசிரியரே வெறும் எண்ணிக்கைதான். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த 224 பொறியியல் கல்லூரிகளில், 353 பேர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று. முழுநேரம் என்றால் ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி என்று நாம்தான் தப்பாக எண்ணிவிட்டோம். வகுப்பில் இல்லாத ஆசிரியர், படிக்காத கட்டுரையை, இல்லாத மதிப்பீட்டாளரிடம் அனுப்பி, ஏமாற்றமடைந்த சிறுநீரகத்தோடு அச்சேற்றுகிறார். இதற்குப் பெயர் உயர்கல்வி.

மொய் உறவுக்குள்ளேயே சுற்றிவருவதும் உண்டு. 2023 ஜூனில் சயன்ஸ் இதழும், வாபஸ் கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தளமும் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியைப் பற்றி ஒரு செய்தி வெளியிட்டன. இளநிலை மாணவர்கள் தேர்வின் பகுதியாகவே ஆய்வுக் கட்டுரை எழுதுவதையும், கல்லூரியின் கட்டுரைகள் அதே கல்லூரியின் கட்டுரைகளை மிகப் பெரிய அளவில் மேற்கோள் காட்டுவதையும் அந்தச் செய்தி விவரித்தது. 2022, 2023 என்.ஐ.ஆர்.எஃப். பல் மருத்துவத் தரவரிசையில் அந்தக் கல்லூரிக்கு முதலிடம். தரவரிசை போட்டவர்களுக்கு இது உறுத்தியதா என்றால், மேற்கோள் மேற்கோள்தானே, அத்தை எழுதினால் என்ன, அயலார் எழுதினால் என்ன?

கண்காணிக்க வேண்டியவர்களின் சுறுசுறுப்பையும் சொல்ல வேண்டும். யு.ஜி.சி. ஆய்விதழ்களுக்கு ஓர் அங்கீகாரப் பட்டியல் போட்டது. 2018 மே மாதத்தில் அதே பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை அதுவே நீக்கியது. அதற்குப் பதில் கேர் என்று இன்னொரு பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். வாபஸ் ஆன கட்டுரைகளுக்கு மதிப்பெண் கழிக்கப்படும் என்று 2025-இல் என்.ஐ.ஆர்.எஃப். அறிவித்தது. நல்லது. அடுத்த வாரமே எங்கள் மீட்டிங்கில் நிர்வாகத்தின் புதிய கொள்கை வந்தது: ‘இனிமே ரிட்ராக்ட் ஆகாத பேப்பரா பாத்துப் போடுங்க.’ ஒன்றிய அமைச்சரவையோ 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, வைலி, எல்ஸவியர், ஸ்பிரிங்கர் உள்ளிட்ட 30 பதிப்பகங்களின் இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களில் படிக்க வழி செய்தது. எழுதுவதற்கும் நாம்தான் காசு கட்ட வேண்டும், எழுதியதைப் படிப்பதற்கும் நாம்தான். நடுவில் சரிபார்ப்பதும் நம் ஆள்தான், அதுவும் சம்பளமில்லாமல். மண்டபக்காரருக்கு இலைகூட வாங்க வேண்டியதில்லை.

போன மாதம் கடம்பத்தூர் ஸ்டேஷனில், திருவள்ளூர் பக்கம் போகிற பிளாட்பாரத்தில் ஒரு ஆராய்ச்சி மாணவியைப் பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பெண். தெற்கே கூவம் என்று ஓர் ஊர் இருக்கிறது. சென்னைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற ஆற்றுக்குப் பெயர் கொடுத்த ஊர். அந்தப் பக்கத்துப் போர்வெல்களில் சென்சார் இறக்கி நீர்மட்டம் அளந்தவள். மூன்று மழைக்காலம், தன் கைக்காசில். கட்டுரையை ஒரு நல்ல இதழுக்கு அனுப்ப நினைத்தாள். வழிகாட்டி விடவில்லை. தன் நண்பர் நடத்தும் சிறப்பிதழுக்கு ஆள் போதவில்லை, இதைப் போடு, சீக்கிரம் வந்துவிடும் என்றார். வந்தது, இருபத்தொரு நாளில். எந்தப் பதிப்பகம் என்பது இங்கே வேண்டாம். இப்போது அந்தத் தொகுப்பையே மொத்தமாகத் துடைத்தெடுக்கிறார்கள். கூடைப்பந்தும் போகிறது, இவள் கிணறும் போகிறது.

செல்போனைக் காட்டினாள். பதிப்பகத்தின் கடிதம். உங்கள் கட்டுரை வாபஸ் பெறப்படுகிறது. இந்த முடிவை ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா என்று பதினான்கு நாளில் தெரிவிக்கவும். பதில் வராவிட்டால் ‘ஆசிரியர் பதிலளிக்கவில்லை’ என்று பதிவாகும்.

‘அக்ரீன்னு போட்டா நான் தப்பு பண்ணேன்னு ஆயிடும். டிஸ்அக்ரீன்னு போட்டா சண்டைக்கு நிக்கறேன்னு கைடு கையெழுத்துப் போட மாட்டாரு. எதை சார் போடறது?’

‘நீ அளந்தது சரிதானேம்மா?’

‘கெணத்துக்காரங்கள வந்து கேட்டுப் பாருங்க சார்.’

கடிதத்தின் நகல் கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழுத் தலைவருக்கும் போயிருந்தது. யார் அவர் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிலிருக்கும் ஃபிளெக்ஸை அவளும் தினம் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போகிறாள். அதே பாஸ்போர்ட் படம்தான். கெஸ்ட் எடிட்டர் என்பதன் மேல் மட்டும் புதிதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்.